தெருவில் யாரைக் காணோம்? நகர வடிவமைப்பும் பொது இடங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நகரமைப்பு பற்றிப் பேச்செடுத்தாலே சில கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்பவர்கள் பெரும்பாலும் கட்டடக்கலை படித்தவர்கள் இல்லை. நடந்து போகிறவர்கள், பேருந்துக்குக் காத்து நிற்கிறவர்கள், குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடக்கிறவர்கள். அவர்களை மனதில் வைத்து இந்தப் பதில்களை எழுதியிருக்கிறேன்.

பொது இடம் என்றால் பூங்காவும் மைதானமும்தானே?

அவை ஒரு சிறு பகுதிதான். நகரத்தில் எல்லாருக்கும் பொதுவான நிலத்தில் பெரும்பங்கு தெருக்கள். அதோடு நடைபாதை, பேருந்து நிறுத்தம், நூலகம், ரயில் நிலைய முற்றம், ஆற்றங்கரை. சிங்கப்பூரின் அரசு அடுக்குமாடிகளில் தரைத்தளத்தில் வீடு கட்டாமல் தூண்களோடு திறந்து விட்டிருப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் சந்தித்துக்கொள்வது அங்கேதான். அதுவும் பொது இடமே.

நான் வைத்திருக்கும் சோதனை எளியது. காசு கொடுக்காமல், அனுமதி கேட்காமல், காரணம் சொல்லாமல் ஒருவர் அங்கே போய் நிற்க முடியுமா? "இங்கே என்ன வேலை?" என்று காவலாளி கேட்டால், மரமும் நீரூற்றும் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது தனியார் முற்றம்தான்.

நகரங்கள் இப்போது ஏன் இப்படி மாறுகின்றன? வடிவமைப்பு மாறியதால் மக்கள் மாறினார்களா, மக்கள் மாறியதால் வடிவமைப்பு மாறுகிறதா?

மக்கள்தான் முதலில் மாறினார்கள். 1950-ல் உலக மக்களில் 30 சதவீதம் பேர் நகரங்களில் வாழ்ந்தார்கள். 2018-ல் அது 55 சதவீதம். 2050-ல் 68 சதவீதமாகும் என்று அந்த ஆண்டு ஐ.நா. கணித்தது. ஆனால் எத்தனை பேர் என்பதைவிட யார் யார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வரைந்த நகரத் திட்டங்களைப் பார்த்தால், அவற்றுக்குப் பின்னால் ஒரே ஒரு மனிதர் நிற்பது தெரியும். உடல்நலம் உள்ள ஆண். காலையில் காரில் வேலைக்குப் போவார், மாலையில் அதே வழியில் திரும்புவார். வீடுகள் ஒரு மூலை, அலுவலகங்கள் ஒரு மூலை, நடுவில் அகலமான சாலை. அவருக்கு அது போதும்.

இன்று நகரத்தில் நடமாடுகிறவர்கள் வேறு. வேலைக்குப் போகும் பெண் வழியில் குழந்தையைப் பள்ளியில் விடுகிறார், திரும்பும்போது மருந்து வாங்குகிறார், அப்புறம் மாமியாரைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வருகிறார். ஒரு நாளில் ஐந்தாறு சிறு பயணங்கள், அதுவும் பெரும்பாலும் கால்நடையாகவும் பேருந்திலும். முதியவர்கள் கூடியிருக்கிறார்கள். தனியாக வாழ்பவர்கள் கூடியிருக்கிறார்கள். 2020-க்குப் பிறகு பலர் வீட்டிலிருந்தே வேலை செய்கிறார்கள். பகலில் வெறிச்சோடிக் கிடந்த குடியிருப்புத் தெருக்களில் இப்போது ஆள் நடமாட்டம் இருக்கிறது. பழைய வரைபடத்துக்குள் இந்தப் புதிய வாழ்க்கை அடங்கவில்லை. அந்த இழுபறியைத்தான் நாம் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

நெரிசல் என்றால் சாலையை அகலப்படுத்துவதுதானே தீர்வு?

கொஞ்ச நாளைக்கு. புதிய சாலை காலியாக இருக்கிறது என்று தெரிந்ததும், பேருந்தில் போனவர்கள் வண்டி எடுக்கிறார்கள், நேரம் மாற்றிப் போனவர்கள் பழைய நேரத்துக்கே வருகிறார்கள், தொலைவில் புது வீடுகள் எழுகின்றன. சாலை மறுபடி நிரம்பிவிடும். அமெரிக்க நகரங்களை ஆராய்ந்த இரண்டு பொருளியலாளர்கள், நெடுஞ்சாலையின் நீளம் எந்த விகிதத்தில் கூடுகிறதோ கிட்டத்தட்ட அதே விகிதத்தில் வண்டிகள் ஓடும் தூரமும் கூடுகிறது என்று 2011-ல் காட்டினார்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு வண்டித் தடத்தின் அகலம் ஏறத்தாழ 3 மீட்டர். அதில் கார்கள் மட்டும் ஓடினால் ஒரு மணி நேரத்தில் 600 முதல் 1,600 பேர் வரை போகலாம். அதே அகலத்தைப் பேருந்துக்கு மட்டும் ஒதுக்கினால் 4,000 முதல் 8,000 பேர். நடைபாதையாக்கினால் சுமார் 9,000 பேர். ஆகவே, பொதுவான நிலத்தை எப்படிப் பங்கிடுவது என்று கேட்பதுதான் சரி.

சியோல் நகரின் சொங்க்யேசொன் ஓடையை இதற்கு உதாரணமாகச் சொல்வார்கள். ஓடையை மூடி அதன் மேல் கட்டியிருந்த மேம்பாலச் சாலையை 2003-ல் இடிக்கத் தொடங்கி, 2005-ல் ஓடையைத் திறந்துவிட்டார்கள். போக்குவரத்து முடங்கிப் போகும் என்ற பயம் பலிக்கவில்லை. பேருந்து வசதியையும் அதே சமயத்தில் சீரமைத்ததால் நகரம் தாங்கிக்கொண்டது. கோடையில் ஓடைக்கரை சுற்றுப்புறத் தெருக்களைவிடச் சில டிகிரி குளிர்ச்சியாகவும் இருக்கிறது. ஆனால் கதையின் மறுபாதியையும் சொல்ல வேண்டும்: மேம்பாலத்தின் கீழும் சுற்றிலும் கடை விரித்திருந்த தெரு வியாபாரிகள் வேறிடத்துக்குப் போக வேண்டியதாயிற்று. அழகான படங்களில் அவர்கள் இல்லை.

வண்டி வராத தெருவில் வியாபாரம் படுத்துவிடாதா?

இந்தப் பயம் எல்லா ஊரிலும் வருகிறது. நியாயமான பயம்தான், கடைக்காரருக்கு அது பிழைப்பு. கோபன்ஹேகனின் ஸ்ட்ரோயட் தெருவை 1962 நவம்பரில் நடப்பவர்களுக்கு மட்டும் என்று மாற்றியபோது, இந்தக் குளிரில் யார் வெளியே வந்து உட்காரப் போகிறார்கள் என்று பலர் கேட்டார்கள். வந்தார்கள், உட்கார்ந்தார்கள். அந்தத் தெரு இன்றுவரை அப்படியே இருக்கிறது. அக்கம்பக்கத் தெருக்களும் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டன.

எனக்கு இன்னும் பிடித்தது பிரேசிலின் குரிச்சிபா நகரக் கதை. 1972-ல் மேயர் ஜைமே லெர்னர், முக்கியமான கடைத்தெரு ஒன்றை 72 மணி நேரத்துக்குள் நடைத்தெருவாக மாற்றிவிட்டார். வழக்குத் தொடுப்போம் என்ற கடைக்காரர்களே பிறகு, இதை இன்னும் நீட்டுங்கள் என்று கேட்டார்கள். கார் ஓட்டுநர்கள் கூட்டமாக வந்து தெருவை மீட்கப் போவதாகச் செய்தி வந்தபோது, மேயர் தெரு முழுக்கக் காகிதத்தை விரித்துக் குழந்தைகளைப் படம் வரைய உட்கார வைத்தாராம். வந்தவர்கள் திரும்பிப் போனார்கள்.

இருந்தாலும் எல்லாத் தெருவிலும் இது எடுபடாது. பேருந்தோ ரயிலோ பக்கத்தில் வராத, சுற்றிலும் வீடுகள் இல்லாத கடைத்தெருவில் வண்டியை மட்டும் நிறுத்தினால் அது செத்துப்போகும். அப்படி முயன்று பார்த்துவிட்டு மறுபடி வண்டிகளை விட்ட அமெரிக்க ஊர்கள் பல.

ஒரு பொது இடம் நன்றாக இருக்கிறதா இல்லையா என்று எப்படிச் சொல்வது? அது அவரவர் ரசனைதானே?

ரசனையை ஒதுக்கி வைத்துவிட்டு, உட்கார்ந்து எண்ணலாம். இந்தப் பக்கத்தில் நீங்கள் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வதானால், இந்தப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

நியூயார்க்கில் 1961-ல் ஒரு விதி வந்தது. கட்டடத்தின் முன்னால் பொது முற்றம் விட்டால், அதற்கு ஈடாகக் கூடுதல் மாடிகள் கட்டிக்கொள்ளலாம். முற்றங்கள் ஏராளமாக வந்தன. ஆனால் பலவற்றில் ஒரு ஆள் இல்லை. ஏன் என்று கண்டுபிடிக்க வில்லியம் வைட் என்ற ஆய்வாளர் கேமராக்களோடு இறங்கினார். மொட்டைமாடியில் கேமராவை வைத்து, காலையிலிருந்து மாலைவரை யார் வருகிறார்கள், எங்கே நிற்கிறார்கள், எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்று படம் பிடித்தார். வெயில், நிழல், பரப்பளவு, வடிவம் என்று எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார். கடைசியில் கிடைத்த விடை: உட்கார இடம் இருக்கும் இடத்தில்தான் மக்கள் உட்காருகிறார்கள்.

கேட்கும்போது, இதற்கா இத்தனை உழைப்பு என்று தோன்றும். ஆனால் அதுவரை அந்த விதி இருக்கை போட வேண்டும் என்று சொல்லவில்லை. 1975-ல் விதியைத் திருத்தி, முற்றம் விட்டால் இருக்கையும் போட வேண்டும் என்றார்கள்.

அவர் கவனித்த இன்னொன்று நாற்காலி. நகர்த்தக்கூடிய நாற்காலியில் உட்கார வருபவர், முதலில் அதைக் கொஞ்சமாவது நகர்த்திவிட்டுத்தான் உட்காருகிறார். நிழலுக்காகவும் இல்லை, பார்வைக்காகவும் இல்லை. இந்த இடத்தை நான் எனக்கு ஏற்றபடி வைத்துக்கொள்ளலாம் என்ற உரிமைக்காக. தரையில் ஆணியடித்த பெஞ்சில் அது கிடைக்காது. போதைப்பொருள் விற்பவர்களின் இடமாகிவிட்டிருந்த பிரையன்ட் பூங்காவை அவர் யோசனைப்படி, உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியிலிருந்து தெரியும்படி திறந்துவிட்டு, நகரும் நாற்காலிகளையும் போட்டு 1992-ல் மறுபடி திறந்தார்கள். இன்று மன்ஹாட்டனில் மதிய வேளையில் ஆள் நிறைந்திருக்கும் இடங்களில் அதுவும் ஒன்று.

மூன்றாவது: பெண்களின் எண்ணிக்கை. நல்ல முற்றங்களில் பெண்கள் கணிசமாக இருந்தார்கள். பெண்கள் குறைந்தால் அங்கே ஏதோ சரியில்லை என்று பொருள். எந்த இடத்துக்குப் போனாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். இங்கே யாரைக் காணோம்? இருப்பவர்களைவிட இல்லாதவர்கள்தான் அந்த இடத்தைப் பற்றி அதிகம் சொல்கிறார்கள்.

பூங்கா எல்லாருக்கும் பொதுதானே? பெண்களுக்கென்று தனியாக எதற்கு யோசிக்க வேண்டும்?

வியன்னாவில் 1990-களில் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். சிறுமிகள் பத்து வயதை நெருங்கும்போது பூங்காவுக்கு வருவதை நிறுத்திவிடுகிறார்கள். சிறுவர்கள் தொடர்ந்து வருகிறார்கள். யாரும் போகாதே என்று தடுக்கவில்லை. பூங்காவின் நடுவில் கம்பிவலை போட்ட பந்து மைதானம், அதற்கு ஒரே ஒரு குறுகிய வாசல். வாசலில் நான்கு பையன்கள் நின்றால் உள்ளே போவதற்கு யோசிக்க வேண்டியிருக்கும். சிறுமிகள் யோசித்தார்கள், அப்புறம் வராமலே இருந்துவிட்டார்கள்.

ஐன்சீட்லர் பூங்கா உள்ளிட்ட இரண்டு இடங்களில் சோதித்துப் பார்த்தார்கள். வலையில் வாசலை அகலமாகத் திறந்துவிட்டார்கள். பெரிய மைதானத்தைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, கைப்பந்து, பூப்பந்துக்கும் இடம் விட்டார்கள். கூடி உட்காரத் திண்ணைபோல் இருக்கைகள் வைத்தார்கள். சிறுமிகள் திரும்பி வந்தார்கள். எந்தப் பலகையிலும் பெண்களுக்கு என்று எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள்.

சரிவுப்பாதை, தொடுதரை (பார்வையற்றவர்கள் காலாலும் கைத்தடியாலும் தொட்டு வழியறியும் தரை) போன்ற வசதிகள் மிகச் சிலருக்குத்தானே பயன்படுகின்றன?

நடைபாதையின் முனையைச் சரிவாக இறக்குங்கள் என்று அமெரிக்காவின் பெர்க்லியில் சக்கர நாற்காலி பயன்படுத்தும் மாணவர்கள் 1970-களின் தொடக்கத்தில் போராடினார்கள். போட்ட பிறகு யார் பயன்படுத்தினார்கள்? குழந்தை வண்டி தள்ளுகிறவர், சுமை வண்டி இழுக்கிறவர், பெட்டியை உருட்டிக்கொண்டு ரயிலுக்கு ஓடுகிறவர், முழங்கால் வலிக்காரர் என்று எல்லாரும்தான்.

ரயில் நடைமேடைகளில் புள்ளியும் கோடுமாக மேடு வைத்த மஞ்சள் ஓடுகளைப் பார்த்திருப்பீர்கள். அவை ஜப்பானில் சேயிச்சி மியாகே என்பவர் 1965-ல் உருவாக்கியவை. 1967 மார்ச்சில் ஒகயாமா நகரில் பார்வையற்றோர் பள்ளிக்கு அருகே முதன்முதலாகப் பதித்தார்கள். இன்று உலகெங்கும் இருக்கின்றன. அவற்றின் மேலேயே வண்டி நிறுத்துவதையும் பல ஊர்களில் பார்க்கிறோம். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கிறது. இன்னொருவர் வழி கண்டுபிடித்துப் போகும் கோட்டை நடுவில் அறுத்துவிடுவது அது.

நல்ல நோக்கம் கொண்ட வடிவமைப்பும் இங்கே தடுக்கி விழுந்ததுண்டு. நெதர்லாந்தின் போக்குவரத்துப் பொறியாளர் ஹான்ஸ் மாண்டர்மன் சிக்னல், பலகை, நடைபாதை விளிம்பு எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் ஓட்டுநரும் நடப்பவரும் கண்ணோடு கண் பார்த்து வழிவிட்டுக்கொள்வார்கள் என்றார். வேகம் குறையத்தான் செய்தது. ஆனால் பார்வையற்றவர் கண்ணோடு கண் பார்ப்பது எப்படி? கைத்தடிக்கு விளிம்புதான் வழிகாட்டி. அது இல்லையென்றால் நடைபாதை எங்கே முடிகிறது என்றே தெரியாது. அவர்களுடைய எதிர்ப்புக்குப் பிறகு, 2018-ல் பிரிட்டன் அரசு இப்படிப்பட்ட சமதளத் திட்டங்களை நிறுத்தி வைக்கச் சொன்னது. வரையும்போதே அவர்களை அழைத்துக் கேட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

வேகத்தை மணிக்கு 30 கிலோமீட்டராகக் குறைப்பதால் என்ன பெரிய மாற்றம் வந்துவிடும்?

50-ல் வரும் வண்டி மோதும் ஆற்றல், 30-ல் வருவதைப்போல் கிட்டத்தட்ட 2.8 மடங்கு. அடிபட்டவர் எழுந்து நிற்பதும் எழாமலே போவதும் அந்த வித்தியாசத்தில் இருக்கிறது. வேகத்தைக் குறைத்து, தெருக்களையும் அதற்கேற்பக் குறுக்கிய ஆஸ்லோவில் 2019-ல் நடந்து போனவர்களோ சைக்கிளில் போனவர்களோ ஒருவர்கூடச் சாலையில் இறக்கவில்லை. பலகையை மட்டும் மாற்றினால் போதாது. சாலை நேராகவும் அகலமாகவும் இருக்கும்வரை கால் தானாக அழுத்தத்தான் செய்யும்.

தொல்லை தருபவர்களைத் தடுக்கத்தானே பெஞ்சின் நடுவில் கம்பி வைக்கிறார்கள்?

வீடில்லாதவர் படுத்துவிடக் கூடாது என்பதற்காக வைக்கும் கம்பி அது. அவருக்கு வீடு கிடைக்கவில்லை, வேறு தெருவுக்குப் போகிறார், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பெஞ்சில் இனி கர்ப்பிணி சாய்ந்து உட்கார முடியாது, களைத்த குழந்தையைப் படுக்கவைக்க முடியாது. சில இடங்களில் பெஞ்சையே எடுத்துவிடுகிறார்கள்.

என் அம்மாவுக்கு முழங்கால் தேய்ந்த பிறகுதான் எனக்கு இது உறைத்தது. தெரு அவருக்குப் பெஞ்சு எண்ணிக்கையாக மாறிவிட்டது. இந்த மரத்தடியில் ஒன்று, அந்த நிறுத்தத்தில் ஒன்று. நடுவில் இருந்த ஒன்றை எடுத்துவிட்டபோது, அதற்கு அப்பால் இருந்த நூலகத்துக்குப் போவதை அவர் விட்டுவிட்டார். நூலகம் திறந்துதான் இருந்தது.

ஒரு பகுதியை அழகாக்கினால் வாடகை ஏறி, அங்கே இருந்த ஏழைகள் வெளியேற வேண்டியதாகிறதே?

உண்மை. இந்தத் துறையில் மிகக் கடினமான கேள்வி இதுதான், இதைச் சுற்றிவளைத்துத் தப்பிக்கக் கூடாது.

நியூயார்க்கில் கைவிடப்பட்ட உயர ரயில் பாதை ஒன்றை ஹைலைன் என்ற பூங்காவாக்கி 2009-ல் திறந்தார்கள். 2.3 கிலோமீட்டர் நீளம், காட்டுப்புல்லும் பூவும், அபாரமான வேலை. சுற்றிலும் நிலமதிப்பு ஏறியது, ஆடம்பரக் கோபுரங்கள் எழுந்தன. பக்கத்திலேயே அரசுக் குடியிருப்புகளில் வாழ்ந்தவர்கள் அந்தப் பூங்காவைத் தங்களுடையதாக உணரவில்லை. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரே பிறகு, எப்படிப்பட்ட வடிவம் வேண்டும் என்று அவர்களிடம் கேட்டோம், உங்களுக்கு என்ன தேவை என்று கேட்கவில்லை என வெளிப்படையாகச் சொன்னார்.

அதற்காக ஏழைப் பகுதிகளை நிழலில்லாமல், விளக்கில்லாமல் விட்டுவிட முடியுமா? முடியாது. வரிசைதான் மாற வேண்டும். வாஷிங்டனில் ஆற்றுப் பாலத்தின் பழைய தூண்கள்மேல் பூங்கா அமைக்கத் திட்டமிட்டவர்கள், ஒரு கல்லும் வைக்கும் முன்பே சுற்றுப்புற மக்களின் வீட்டையும் வேலையையும் பாதுகாக்கத் திட்டம் போட்டு, மக்களே நிலத்தை உடைமையாக வைத்திருக்கும் அறக்கட்டளைக்கும் வழி செய்தார்கள். வியன்னாவில் ஏறத்தாழ பாதிப்பேர் நகராட்சி வீட்டிலோ அரசு உதவி பெற்ற வீட்டிலோ குடியிருக்கிறார்கள். அங்கே ஒரு தெருவில் மரம் நட்டால் அதனால் மட்டும் அவர்கள் வீட்டை இழப்பதில்லை. வாடகைக்குக் காப்பு இல்லாத இடத்தில் அழகுபடுத்தும் திட்டத்தை நான் ஆதரிக்க மாட்டேன்.

"15 நிமிட நகரம்" என்பது மக்களை ஒரே வட்டாரத்தில் அடைத்து வைக்கும் ஏற்பாடா?

இல்லை. பள்ளி, மருத்துவமனை, கடை, பூங்கா எல்லாம் வீட்டிலிருந்து கால் மணி நேர நடையில் அல்லது சைக்கிள் தூரத்தில் இருக்க வேண்டும் என்று பாரிஸ் பேராசிரியர் கார்லோஸ் மொரேனோ 2016-ல் முன்வைத்த கருத்து அது. வெளியே போகக் கூடாது என்று அதில் எங்கும் இல்லை. பாரிஸ் அதை ஏற்றுக்கொண்டு, பள்ளிக்கு முன்னால் உள்ள தெருக்களில் 200-க்கும் மேற்பட்டவற்றில் வண்டிகளைத் தடுத்தது. எனக்குள்ள ஐயம் வேறு: அந்தக் கடையில் வேலை செய்பவருக்கும் 15 நிமிடத்தில் வீடு கிடைக்குமா?

வெள்ளமும் வெயிலும் கூடிவரும் நிலையில் பொது இடம் என்ன செய்ய முடியும்?

நிறைய. ராட்டர்டாம் நகரில் 2013-ல் திறந்த பெந்தம் சதுக்கம் பள்ளமான மைதானம். மழையில்லாத நாளில் பந்து விளையாடலாம், படிக்கட்டில் உட்கார்ந்து பார்க்கலாம். பெருமழை வந்தால் அதே பள்ளம் தண்ணீரைத் தாங்கி, மெல்ல மெல்ல வெளியே விடும். நிலத்தடியில் யாருக்கும் தெரியாமல் தொட்டி கட்டச் செலவழிக்கும் பணத்தில் விளையாட்டு இடமும் கிடைத்துவிடுகிறது.

கைபேசியிலேயே எல்லாரும் பேசிக்கொள்ளும் காலத்தில் இவை தேவைதானா?

கைபேசியில் நாம் தேர்ந்தெடுத்தவர்களோடு பேசுகிறோம். தெருவில் தேர்ந்தெடுக்காதவர்களோடு இருக்கப் பழகுகிறோம். ஹெல்சிங்கியில் 2018-ல் திறந்த 'ஓடி' (Oodi) என்ற நூலகத்தில் புத்தகத்தோடு தையல் இயந்திரமும், இசைப்பயிற்சி அறையும் உண்டு. தைக்க வந்தவரும் படிக்க வந்தவரும் குளிருக்கு ஒதுங்கியவரும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள். யாரும் யாரிடமும் பேச வேண்டிய கட்டாயமில்லை.

எங்கள் தெருவில் நாங்களே எதையாவது தொடங்க முடியுமா?

முடியும். வரைபடத்தில் தொடங்காதீர்கள், எண்ணிக்கையில் தொடங்குங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். காலை, மதியம், மாலை, இரவு என்று தலா ஒரு மணி நேரம், வேலைநாள் ஒன்றிலும் விடுமுறை நாள் ஒன்றிலும். கடந்து போகிறவர் எத்தனை, நிற்பவர் எத்தனை, உட்கார்ந்திருப்பவர் எத்தனை. அவர்களில் குழந்தைகள், பெண்கள், முதியவர்கள், கைத்தடியோ சக்கர நாற்காலியோ வைத்திருப்பவர்கள் எத்தனை. புல்லில் கால்தடம் பதிந்த குறுக்குவழி இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். சரியான பாதை எங்கே வந்திருக்க வேண்டும் என்று நடந்தவர்களே வரைந்து காட்டியிருக்கிறார்கள்.

பிறகு, காணாதவர்களின் பட்டியல். அந்தத் தெருவில் குடியிருந்தும் எண்ணிக்கையில் வராதவர்கள் யார்? அவர்கள் வீட்டுக்குப் போய், ஏன் வெளியே வருவதில்லை என்று கேளுங்கள். பதில் பெரும்பாலும் சின்னதாக இருக்கும்: ஒரு விளக்கு எரியவில்லை, ஒரு கல் பெயர்ந்திருக்கிறது, கழிப்பறை இல்லை, சிக்னல் பாதியிலேயே மாறிவிடுகிறது.

அதற்கப்புறம், உள்ளாட்சி அனுமதியோடு ஒரு வார இறுதியில் சோதித்துப் பாருங்கள். சாக்கட்டியால் கோடு போட்டு, பூந்தொட்டியால் தெருவின் ஒரு பக்கத்தை மறித்து, வீட்டுக்கு ஒரு நாற்காலி என்று கொண்டுவந்து போடுங்கள். பிடிக்காவிட்டால் திங்கட்கிழமை எடுத்துவிடலாம் என்று எதிர்ப்பவர்களிடமும் சொல்லுங்கள், சொன்னபடி எடுக்கவும் தயாராக இருங்கள். அந்த இரண்டு நாளும் அதே நோட்டில், அதே நேரங்களில் மறுபடி எண்ணுங்கள். மனுவோடு அந்த இரண்டு பக்கங்களையும் சேர்த்துக் கொடுங்கள்.